குழந்தையின் விரலில் நகச்சுற்று: வெந்நீரா, களிம்பா, மருந்தா, கீறிவிடுவதா?

குழந்தையின் நகத்தோரம் சிவந்து வீங்கி, இரவெல்லாம் அது தூங்காமல் அழுதால், மறுநாள் காலை மருந்துக் கடைக்கு வரும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த ஆன்டிபயாடிக் நல்லது? தருமபுரி மாவட்டத்தில் மருந்தாளுநராக வேலை பார்க்கும் நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு. உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா, இல்லையா? இதற்கு விடை தெரியாமல் மருந்தின் பெயரைப் பேசிப் பயனில்லை. சீழ் இல்லாத விரலுக்குப் பல நேரம் ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. சீழ் கட்டிய விரலுக்கோ ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அது உண்மையாகவே தேவைப்படும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தவறான மருந்து போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

எங்கள் பக்கத்தில் விரலில் காயம் படுவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மாசி, பங்குனியில் புளி உடைக்கும் வீடுகளில் பிள்ளைகளும் உட்கார்ந்து கொட்டை எடுக்கிறார்கள். ஓடும் நாரும் நகக்கண்ணில் குத்துகின்றன. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டம், ஓசூர்ப் பக்கம் ரோஜா முள், எல்லா ஊரிலும் வேலி முள். இவற்றைவிட அதிகமான காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: நகம் கடிப்பது, விரல் சூப்புவது, நகத்தோரம் கிளம்பும் தோலைப் பிய்ப்பது. தோலில் ஒரு சின்ன வாசல் திறந்தால் போதும். பெரும்பாலும் உள்ளே நுழைவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சில நேரம் குழு ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ். வாயில் வைக்கும் விரலென்றால் வாயில் வாழும் காற்றில்லா பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கடைசிச் செய்தியை மருத்துவரிடம் சொல்லப் பல தாய்மார்கள் மறந்துவிடுகிறார்கள். எந்த மருந்து என்பதையே மாற்றக்கூடிய செய்தி இது.

சீழ் உண்டா என்று எப்படிப் பார்ப்பது? நகத்தோரத் தோலுக்கு அடியில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் ஐயமே இல்லை. வெளியே தெரியாவிட்டால், கட்டைவிரல் நுனியையும் வலிக்கும் விரலின் நுனியையும் மெல்லச் சேர்த்து அழுத்தச் சொல்லலாம். சீழ் இருக்கும் இடம் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்து, எல்லை தெளிவாகத் தெரியும். வெறும் சிவப்பும் வீக்கமும் மட்டுமென்றால் அப்படி ஒரு வட்டம் தெரியாது. நாடித்துடிப்போடு சேர்ந்து விண் விண்ணென்று தெறிக்கும் வலியும், தூக்கத்தைக் கெடுக்கும் வலியும் சீழைத்தான் பெரும்பாலும் காட்டுகின்றன. தொடங்கிய முதல் ஓரிரு நாளில் பொதுவாகச் சீழ் சேர்ந்திருக்காது. வெந்நீருக்கு வாய்ப்புள்ள நேரம் அதுதான்.

வெந்நீர்

மிக எளிய வழி. அதனாலேயே யாரும் மதிக்காத வழியும்கூட. காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்த நீரில் விரலைப் பத்து முதல் பதினைந்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை. சூடு அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, தோலை இளக்குகிறது. நகத்தோரம் சேரத் தொடங்கிய துளிச் சீழ் தானாகவே வழி கண்டு வெளியேறவும் உதவுகிறது. உப்புப் போடலாம், போடாமலும் விடலாம், பெரிய வேறுபாடு இல்லை. கிருமிநாசினித் திரவத்தைக் கண்மூடித்தனமாக ஊற்ற வேண்டாம். நீர் கலக்காமல் ஊற்றிய கிருமிநாசினி பட்டுக் குழந்தையின் மென்தோல் வெந்துபோகும்.

இரண்டு எச்சரிக்கைகள். நீரின் சூட்டைப் பெரியவர்கள் தங்கள் முழங்கையால் பார்த்துவிட்டுத்தான் குழந்தையின் விரலை வைக்க வேண்டும். வலிக்கு வைத்தியம் செய்யப் போய்ச் சுட்டுக்கொண்டு வந்த குழந்தை படும் வேதனை இரட்டை வேதனை. அடுத்து, எடுத்த பின் விரலை நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும் நகத்தோரம் மேலும் பிளந்துகொள்ளும்.

வெந்நீரை ஒழுங்காகச் செய்தால், தொடக்கநிலை நகச்சுற்றில் பல குழந்தைகளுக்கு இரண்டு நாளில் வீக்கம் இறங்கத் தொடங்கும். இறங்கவில்லையென்றால் அதே வழியில் தொடர்வது வீண். இந்த வழியின் குறை செலவு அல்ல, உழைப்பு. காலையில் தோட்டத்து வேலைக்கோ கம்பெனி பஸ்ஸுக்கோ ஓடும் தாயால் நான்கு முறை பதினைந்து நிமிடம் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார முடிவதில்லை. வீட்டில் பாட்டியோ அக்காவோ இருந்தால் அவர்களிடம் இந்தப் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை.

எலுமிச்சையும் மஞ்சளும்

எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் சொருகுவது நம் வீடுகளில் பாட்டி காலத்து வழக்கம். இதை நான் கேலி செய்யமாட்டேன். வலியால் துடிக்கும் குழந்தைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பரிவிலிருந்து வந்த பழக்கம் அது. ஆனாலும் குழந்தைக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். தோல் பிளந்த இடத்தில் புளிப்புச் சாறு எரியும். விரல் நாள்முழுக்க ஈரத்தில் ஊறும். எல்லாவற்றையும்விட, சிவப்பு பரவுகிறதா, சீழ் தெரிகிறதா என்று பார்க்கவேண்டிய நேரத்தில் பழம் விரலை மூடி மறைத்துவிடும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கனமாகப் பூசுவதிலும் இதே சிக்கல்தான். மருத்துவர் பார்க்கும்போது மஞ்சள் நிறத்துக்கு அடியில் தோலின் நிறமே தெரியாது. மண்ணோடு, சாணத்தோடு தொடர்புள்ள எதையும் புண்ணில் வைக்கவே கூடாது.

இன்னொரு பழக்கம் இவற்றைவிட என்னை வருத்துகிறது. கேப்சூலைப் பிரித்து அதன் பொடியைப் புண்ணில் தூவுவது. விழுங்குவதற்காகச் செய்த மருந்து அது. தூவிய பொடி ஆழத்தில் இருக்கும் கிருமியைச் சென்று சேராது. புண்ணின் மேல் காய்ந்து மூடி, சீழ் வெளியேறும் வழியை அடைக்கும். மேலே இருக்கும் கிருமிகளுக்கோ அந்த மருந்தைத் தாங்கப் பழகும் வாய்ப்பைக் கொடுக்கும்.

களிம்பு

மியூபிரோசின் 2 சதவீதக் களிம்பும் ஃபியூசிடிக் அமிலக் களிம்பும் ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு எதிராக நன்றாக வேலை செய்பவை. நகத்தோரம் மேலாகச் சிவந்து, சீழ் இல்லாமல் இருக்கும் நிலையில் வெந்நீரோடு சேர்த்து இவற்றில் ஒன்றைத் தினமும் இரண்டு மூன்று முறை தடவ மருத்துவர் சொன்னால் அது நியாயமான தேர்வு. உடல் முழுவதும் மருந்து பரவுவதில்லை. வயிற்றுப்போக்கு வராது. ஆனால் தடவிய விரலைக் குழந்தை அடுத்த நிமிடம் வாயில் வைத்துவிட்டால் களிம்பும் போச்சு, பயனும் போச்சு. விரல் சூப்பும் குழந்தைக்குத் தூங்கிய பிறகு தடவுவது நல்லது. விரல் சதைக்குள் ஆழமாக இருக்கும் தொற்றுக்குக் களிம்பு எட்டாது. சீழுக்கும் அப்படியே.

வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய களிம்பை எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரிப்புக்கும் படைக்கும் வாங்கிய களிம்புகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பாக்டீரியாத் தொற்றின்மேல் அதைத் தடவினால் சிவப்பு குறைவதுபோல் தோன்றும், உள்ளே தொற்று வளரும். நியோமைசின் கலந்த களிம்புகளால் சில குழந்தைகளுக்குத் தோல் ஒவ்வாமை வந்து, அந்த ஒவ்வாமைச் சிவப்பையே தொற்று கூடிவிட்டதாக எண்ணிப் பயந்து வருகிறார்கள்.

கீறிச் சீழை வெளியேற்றுவது

பெற்றோர் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். சீழ் கட்டிய பிறகு மிகச் சிறந்த வைத்தியமும் இதுதான். சீழ்க்கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லை. ரத்தத்தில் வரும் மருந்து அதற்குள் போதிய அளவு போவதில்லை. அதனால்தான் மாத்திரை கொடுத்தும் வலி குறையவில்லை என்று மூன்றாம் நாள் வந்து நிற்கிறார்கள். அங்கே மருந்தின்மேல் குற்றமில்லை, வழி அடைபட்டிருக்கிறது.

நகத்தோரச் சீழுக்குக் கத்தி தேவைப்படாமலே போகலாம். வெந்நீரில் ஊறவைத்த பின், நகத்துக்கும் தோலுக்கும் இடையே மருத்துவர் மெல்லிய கருவியால் நெம்பிவிட்டாலே சீழ் வழிந்துவிடும். தேவையானால் விரலின் அடியில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். சீழ் வெளியேறிய அடுத்த நிமிடமே குழந்தையின் அழுகை அடங்குவதைப் பார்த்தவர்கள், இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில் ஊசியாலோ பிளேடாலோ குத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். மேலோட்டமாக இருந்த தொற்று அதனால் சதைக்குள் இறங்கிவிடும்.

விரல் நுனியின் உட்புறச் சதையில் சீழ் கட்டுவது வேறு கதை. அங்கே தோலிலிருந்து எலும்புவரை சின்னச் சின்னத் தடுப்புகள் ஓடுகின்றன. அறைகளில் அடைபட்ட சீழ் விரிய இடமில்லாமல் அழுத்தத்தைக் கூட்டும். விரல் நுனி கல்லைப்போல் இறுகி, குழந்தை தொடவே விடாது. நாள் கடத்தினால் தொற்று விரல் நுனி எலும்புக்கே போகலாம். இதை உள்ளூர் கிளினிக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. இதற்காகச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஓடி ஒரு நாளை இழக்க வேண்டியதில்லை.

கீறுவதால் இன்னொரு நன்மை உண்டு. வெளியேறும் சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். முதலில் கொடுத்த மருந்து பலிக்காதபோது ஊகத்தின்மேல் ஊகமாக மருந்து மாற்றுவதை இது தவிர்க்கும்.

கீறிய பிறகும் ஆன்டிபயாடிக் வேண்டுமா?

இதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் உண்டு. பெற்றோர் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நகத்தோரச் சீழ் முழுவதும் வெளியேறி, சுற்றிலும் சிவப்பு பரவாமல், குழந்தை மற்றபடி நலமாக இருந்தால் ஆன்டிபயாடிக் இல்லாமலே ஆறிவிடும் என்பது பரவலான நடைமுறை. மறுபுறம், 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் 786 பேரிடம் நடந்த ஆய்வொன்று இருக்கிறது. அவர்களில் 281 பேர் குழந்தைகள். உடலில் சிறிய சீழ்க்கட்டிகளைக் கீறிய பின் சிலருக்கு கிளின்டமைசின், சிலருக்கு கோட்ரைமாக்சசோல், சிலருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். குணமானவர்கள் முறையே 83, 82, 69 சதவீதம். மருந்து உதவியது உண்மை. ஆனால் வெற்று மாத்திரை பெற்றவர்களிலும் பத்துக்கு ஏழு பேர் கீறியதாலேயே குணமடைந்தார்கள். கிளின்டமைசின் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பக்கவிளைவு, பெரும்பாலும் வயிற்றுப்போக்கு.

என் நிலைப்பாடு இது: சின்ன நகத்தோரச் சீழ், முழுதாக வெளியேறிவிட்டது, குழந்தை நலம் என்றால் மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதாவிட்டால் அவரை வற்புறுத்த வேண்டாம். சிவப்பு பரவியிருந்தால், காய்ச்சல் இருந்தால், குழந்தைக்குச் சர்க்கரை நோய் அல்லது எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் நோய் இருந்தால், தொற்று விரல் சதைக்குள் இருந்தால் மருந்து கட்டாயம் வேண்டும்.

எந்த ஆன்டிபயாடிக்?

இங்கேதான் நான் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது. கடைகளில் பெற்றோர் பெயர் சொல்லிக் கேட்கும் மருந்துகளுக்கும் இந்தத் தொற்றுக்குப் பொருந்தும் மருந்துகளுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

செஃபலெக்சினும் செஃபட்ராக்சிலும் ஒரே வகை. பாதுகாப்பான மருந்துகள். ஸ்டெஃபைலோகாக்கஸையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் நன்றாக அடக்குபவை. நகம் கடிக்காத, விரல் சூப்பாத குழந்தைக்கு முள் குத்தி வந்த தொற்றென்றால் என் பார்வையில் முதல் இடம் இவற்றுக்குத்தான். செஃபலெக்சின் அளவு வழக்கமாக நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 25 முதல் 50 மில்லிகிராம், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. செஃபட்ராக்சில் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 30 மில்லிகிராம், இரண்டே வேளையாகப் பிரித்து. பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு மதிய வேளை மருந்து தவறிப்போகும் வீடுகளில் இந்த இரண்டு வேளை என்பது பெரிய வசதி. தவறாமல் கொடுக்கக்கூடிய மருந்துதான் நல்ல மருந்து.

அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மருந்து (அமாக்சிசிலின் கிளாவுலனேட்) வாய்க் கிருமிகளையும் சேர்த்து அடக்கும். நகம் கடிக்கும், விரல் சூப்பும் குழந்தைக்கு மருத்துவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதுவே. வயிற்றுப்போக்கு இதில் சற்று அதிகம். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் குறையும். கிளாவுலனிக் அமிலம் சேராத வெறும் அமாக்சிசிலின் இங்கே உதவாது. பெரும்பாலான ஸ்டெஃபைலோகாக்கஸ்கள் அதைச் சிதைக்கும் நொதியைத் தாமே சுரக்கின்றன. தொண்டை வலிக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலினை விரலுக்குக் கொடுப்பது இதனால்தான் பலிப்பதில்லை.

கிளின்டமைசின், பென்சிலின் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத, எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை இருக்கலாம் என்ற ஐயம் உள்ளபோதும் கைகொடுப்பது. வாய்க் கிருமிகளையும் அடக்கும். ஆனால் கசப்பு தாங்காமல் குழந்தைகள் துப்பிவிடுவார்கள், வயிற்றுப்போக்கும் உண்டு. கோட்ரைமாக்சசோலும் எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு எதிராக வேலை செய்யும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விஷயத்தில் அதை நம்பிவிட முடியாது. இது சல்ஃபா வகை மருந்து என்பதால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கும் கொடுக்கக் கூடாது.

ஒவ்வாமை பற்றி ஒரு செய்தி. முன்பு அமாக்சிசிலின் கொடுத்தபோது உடனே தடிப்பு எழுந்து, முகம் வீங்கி, மூச்சு திணறிய குழந்தைக்கு செஃபலெக்சினும் ஆபத்தாகலாம். இரண்டின் வேதி அமைப்பிலும் ஒத்த பகுதி இருக்கிறது. மருந்து எழுதும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

இனி, பொருந்தாத மருந்துகள். செஃபிக்சிம் எங்கள் ஊர்களில் காய்ச்சல், சளி, வயிறு, புண் என்று எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக் கேட்கப்படும் மருந்து. ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு எதிராக அது வலுவற்றது. விலையும் பெயரும் பெரியதாக இருப்பதால் விரல் தொற்றுக்கு அது சிறந்ததாகிவிடாது. செஃபலெக்சின் பழைய மருந்து, ஆனால் இங்கே அதுவே மேல். 2014 முதல் செஃபிக்சிம் எச்1 என்னும் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதோடு, யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் தர மறுக்கும் மருந்தாளுநரிடம் கோபித்துக்கொள்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: அவர் உங்கள் குழந்தைக்கு நல்லதுதான் செய்கிறார். மூன்று நாளுக்குக் கொடுக்கும் அசித்ரோமைசினும் இந்தத் தொற்றுக்கு முதல் தேர்வல்ல. அதற்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ்கள் மிகுந்துவிட்டன.

"ஊசி போட்டால் சீக்கிரம் குறையும்" என்று கேட்பவர்களும் உண்டு. விழுங்க முடிகிற, வாந்தி எடுக்காத குழந்தைக்கு ஊசி தேவையில்லை. செஃபலெக்சின் வாய்வழியாகவே மிக நன்றாக உடலில் சேர்கிறது. மருத்துவமனையில் சேர்த்து நரம்புவழி மருந்து ஏற்றவேண்டிய நிலை வேறு. அதற்கான அடையாளங்களைப் பின்னால் சொல்கிறேன்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். விரல் தொற்றில் வலியைத் தணிப்பதும் வைத்தியத்தின் பாதி. கையை ஒரு தலையணையின் மேல் உயர்த்தி வைத்தாலும் தெறிப்பு குறையும்.

சிரப்பா, கரையும் மாத்திரையா?

சரியான மருந்தை எழுதிக் கொடுத்தும் வீட்டில் அது கெட்டுப்போவதற்கு இங்கே நிறைய வாய்ப்பு. உலர் சிரப்பு பாட்டிலில் பொடியாக வருகிறது. காய்ச்சி ஆறிய நீரைப் பாட்டிலில் உள்ள கோடுவரை ஊற்றிக் குலுக்க வேண்டும். குலுக்கியதும் அளவு இறங்கும். மறுபடியும் கோடுவரை நிரப்ப வேண்டும். பலர் முதல் தடவையோடு நிறுத்திவிடுவதால் மருந்து கெட்டியாகி அளவு கூடிவிடுகிறது. கலக்கிய அமாக்சிசிலின் கிளாவுலனேட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு மாடத்தில் வைத்தால் அதன் வீரியம் அதற்கு முன்பே குறைந்துவிடும். பெட்டி இல்லாத வீட்டுக்கு நீரில் கரையும் மாத்திரை கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்பதே நல்லது. செஃபட்ராக்சில், செஃபலெக்சின், அமாக்சிசிலின் கிளாவுலனேட் மூன்றுமே அந்த வடிவில் வருகின்றன.

அளவில் இன்னொரு பொறி. செஃபலெக்சின் சிரப்பு 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. "போன தடவை ஒரு மூடி கொடுத்தோம்" என்று அதே அளவைக் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகலாம், பாதியாகவும் போகலாம். அண்ணனுக்கு எழுதிய சீட்டைத் தம்பிக்குப் பயன்படுத்துவதும் இதே தவறு. அளவு எடையைப் பொறுத்தது. சமையலறைக் கரண்டி வேண்டாம், பாட்டிலோடு வரும் அளவு மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும். வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள் எழுதுவார்கள். இரண்டாம் நாளே வலி போய்விட்டது என்று நிறுத்தக் கூடாது. மீந்ததை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கவும் கூடாது.

ஆன்டிபயாடிக்கே கூடாத விரல்கள்

பாக்டீரியா அல்லாத ஒரு தொற்று நகச்சுற்றைப்போலவே தோன்றும். விரலில் கொத்தாக, தெளிந்த நீர் நிரம்பிய சின்னச் சின்னக் கொப்புளங்கள். அதற்கு முன்னோ கூடவோ வாயிலும் உதட்டிலும் புண். விரல் சூப்பும் சிறு குழந்தை. இது ஹெர்பீஸ் வைரஸ். இதைக் கீறக் கூடாது. கீறினால் பாக்டீரியாவும் உள்ளே புகும், வைரஸும் பரவும். ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. பெரும்பாலும் தானாகவே இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். தேவைப்பட்டால் அசைக்ளோவிர் எழுதுவார்கள். இதற்கு மாறாக, விரல் சதையின்மேல் ஒரே பெரிய கொப்புளம், உள்ளே கலங்கிய சீழ் என்றால் அது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். கொப்புளத்தைத் திறந்துவிடுவதோடு வாய்வழி ஆன்டிபயாடிக்கும் அதற்கு வேண்டும்.

ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும், வந்து வந்து போகும் நகத்தோர வீக்கமும் வேறு நோய்தான். ஓயாமல் ஈரத்தில் ஊறுவதால் வரும் அழற்சி. ஒன்றின்பின் ஒன்றாக ஆன்டிபயாடிக் பாட்டில் வாங்குவதால் அது தீராது. விரலை உலர்வாக வைப்பதும் சூப்பும் பழக்கத்தை அன்போடு மாற்றுவதும்தான் வழி. குழந்தையை அடித்தோ விரலில் வேப்பெண்ணெய் தடவியோ மாற்ற முயல்வதை நான் ஏற்பதில்லை.

ஒப்பிடவே கூடாத நேரம்

சில நிலைகளில் வெந்நீரா, களிம்பா என்ற பேச்சுக்கே இடமில்லை, நேராக மருத்துவமனைதான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவின் அறுவை மருத்துவர் ஆலன் கனவெல் வகுத்த நான்கு அடையாளங்களை இன்றும் கை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்: விரல் முழுவதும் ஒரே சீராக வீங்குவது, விரலைச் சற்று மடக்கியே வைத்திருப்பது, உள்ளங்கைப் பக்கமாக விரலின் நீளம் முழுக்கத் தொட்டால் வலி, விரலை நாம் மெல்ல நிமிர்த்தும்போது தாங்கமுடியாத வலி. தசைநாண் உறைக்குள் தொற்று போய்விட்டதை இவை காட்டுகின்றன. ஓரிரு நாள் தாமதித்தாலும் விரல் நிரந்தரமாக மடங்காமல் போய்விடக்கூடும். சிறு குழந்தைகளிடம் நான்கும் சேர்ந்து தெரியவேண்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மணிக்கட்டை நோக்கி ஏறும் சிவப்புக் கோடு, அக்குளில் நெறிகட்டு, குளிர்க்காய்ச்சல், சோர்ந்து பால் குடிக்க மறுப்பது, கைக்குழந்தையின் விரலில் எந்தச் சீழும் — இவையும் அன்றே பார்க்கவேண்டியவை. நாயோ குரங்கோ கடித்த விரலென்றால் (ஒகேனக்கல் போய் வந்தவர்கள் குரங்குக் கீறலைச் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள்) சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும். ஆன்டிபயாடிக் அதற்கு அடுத்துத்தான். முள்ளோ ஆணியோ குத்தியிருந்தால், டெட்டனஸ் (ரணஜன்னி) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்க்கத் தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள். ஐந்து வயதில் போடவேண்டிய ஊக்கத் தவணையும் 10, 16 வயதுக்கான டி.டி. தவணைகளும் விட்டுப்போன குழந்தைகள் இன்னும் இருக்கிறார்கள்.

மேலே சொன்ன ஒப்பீடு எல்லாம், இரண்டு நாள் கழித்து மறுபடியும் மருத்துவரைப் பார்க்க முடியும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தருமபுரி நகரத்திலோ ஓசூரிலோ அது எளிது. வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கத்து மலைக்கிராமத் தாய்க்கு அந்த இரண்டாவது பயணம் ஒரு நாள் கூலியும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அரை நாளும் ஆகும். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு என் கணக்கு மாறுகிறது. சிவப்பு பரவத் தொடங்கிய விரலோடு மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், "இரண்டு நாள் வெந்நீர் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்ற சொல்லோடு திரும்பக் கூடாது. எங்கிருந்து வருகிறோம், மறுபடி எப்போது வரமுடியும் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீழ் இருந்தால் அன்றே வெளியேற்றச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக்கை அன்றே தொடங்கலாமா என்று கேளுங்கள், சிரப்புக்குப் பதில் கரையும் மாத்திரையாகவே கேளுங்கள். கிளம்பும் முன் சிவப்பின் எல்லையைச் சுற்றி பேனாவால் ஒரு கோடு வரையச் சொல்லுங்கள். மறுநாள் மாலைக்குள் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால், மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தாலும், கூலி போனாலும், குழந்தையை மறுபடியும் இறக்கிக் கொண்டுவர வேண்டும்.